லுத்ஃபிஹானிம் சரிம்சகோவா: அம்மா வேடம் மட்டும்தானா? (உஸ்பெக் சினிமாவின் முதல் தலைமுறை நடிகர்கள் குறித்து)

பழையசுருள் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். உலக சினிமா பகுதியில் உஸ்பெக் படங்களுக்கு இதுவரை ஓர் இழைகூட இல்லை. நானே தொடங்குகிறேன்.

போன வாரம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். 1962இல் தாஷ்கந்தில் எடுத்தது. இயக்கியவர் ஷுஹ்ரத் அப்பாசோவ். பெயர் ‘சென் எதிம் எமஸ்ஸன்’, அதாவது ‘நீ அநாதை இல்லை’. இரண்டாம் உலகப் போரின்போது போர்முனைப் பகுதிகளிலிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளை, தாஷ்கந்தில் ஒரு கொல்லரும் அவர் மனைவியும் ஒருவருக்குப் பின் ஒருவராக வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் இனம், ஒவ்வொரு மொழி. மொத்தம் 14 பேர். கொல்லராக நடித்தவர் ஓபித் ஜலீலோவ். மனைவி ஃபாத்திமாவாக நடித்தவர் லுத்ஃபிஹானிம் சரிம்சகோவா.

எனக்கு உஸ்பெக் தெரியாது. துணைத்தலைப்பும் இல்லாத பிரதி. ஆனாலும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், கதை புரிந்துவிடுகிறது. சோறு போதாத வீட்டில் இன்னொரு பிள்ளை வந்து நிற்கும்போது ஒரு தாய்க்கு முதலில் கணக்குத்தான் வரும். இரக்கம் அடுத்த நொடியில் வரும். அந்த இரண்டையும் அதே வரிசையில் இவர் முகத்தில் பார்த்தேன். நம் படங்களில் இரக்கம் மட்டும் உடனே வந்து கண்ணீராகக் கொட்டிவிடும்.

தேடிப் பார்த்தால் அவர் 1896இல் பிறந்தவர். படம் வந்தபோது வயது 66. பாதி வாழ்க்கைக்கு மேல் துணைப்பாத்திரங்களில் கழித்த ஒருவர், அந்த வயதில் ஒரு படத்தையே தோளில் தூக்கி நடக்கிறார். உஸ்பெக் சினிமாவைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் ‘தாய் வேடங்களுக்குப் புகழ்பெற்றவர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

நாடகக்கொட்டகை எழுதியது:

நல்ல இழை, தம்பி. அவரைச் சினிமாவிலிருந்து தொடங்கினால் பாதிதான் கிடைக்கும். மேடையிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த நாட்டில் நவீன நாடகம் என்பது 1914இல் பிறந்தது. பெஹ்பூதி எழுதிய ‘பதர்குஷ்’ (தந்தையைக் கொன்றவன்) அந்த ஆண்டு ஜனவரியில் சமர்கந்திலும் பிப்ரவரியில் தாஷ்கந்திலும் மேடையேறியது. அதற்கு முன்பு இருந்தவை தெருவிலும் சந்தையிலும் ஆடிய மஸ்கரபாஸ், கிஸிக்சி கோமாளிகளின் ஆட்டங்கள். ‘அஸ்கியா’ என்று ஒரு கலை உண்டு. ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் தேநீர்க் கடைகளில் இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து, ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு சிலேடையால் மோதுவார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது சேர்ந்தது. முதல் தலைமுறைத் துணைநடிகர்களின் பேச்சு வேகம், இடைவெளி விட்டு அடிக்கும் சாமர்த்தியம் எல்லாம் அங்கிருந்து வந்தவை என்பது என் எண்ணம்.

அந்த மேடைகளில் பெண்கள் இல்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். 1920களில் முதல் பெண்கள் மேடையேறினார்கள். அது எத்தகைய காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். வெளியே வரும் பெண் ‘பரஞ்சா’ என்ற முழு அங்கியும், அதன் முன்னால் குதிரை மயிரால் நெய்த கெட்டியான முகத்திரையும் அணிந்திருப்பாள். 1927 மார்ச் 8 அன்று முகத்திரைக்கு எதிராகச் சோவியத் ஆட்சியின் ‘ஹுஜூம்’ இயக்கம் தொடங்கி, பொது இடங்களில் முகத்திரைகளைக் குவித்து எரித்தார்கள். எரித்த பெண்கள் மாலையில் அதே தெருவுக்குத்தானே திரும்ப வேண்டும்? பலர் கொல்லப்பட்டார்கள். நடிகையும் பாடகியுமான துர்சுனாய் சைதஸிமோவா 1928இல் கணவனால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு நூர்ஹான் யூல்தாஷேவா. நாட்டியக்காரி, இருபது வயதுகூட ஆகவில்லை. கொன்றவன் சொந்த அண்ணன்.

லுத்ஃபிஹானிம் அந்தத் தலைமுறைப் பெண். இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1962இல் அவர் கேமராவை நேருக்கு நேர் பார்க்கும் பார்வையைப் பாருங்கள். ‘சாதுவான தாய்’ என்று எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். சாதுவான பெண் 1920களில் உஸ்பெக் மேடையில் ஏறியிருக்க முடியாது.

இன்னொன்று. அவர் பாடகியும்கூட. முகீமி பெயரிலான இசை நாடக அரங்கில் நெடுங்காலம் இருந்தவர். 1937லேயே உஸ்பெக் குடியரசின் மக்கள் கலைஞர் பட்டம் பெற்றுவிட்டார். ஆக, சினிமா அவரைக் கண்டுபிடித்தது என்று சொல்ல இடமில்லை. அவர் ஏற்கெனவே பெரிய கலைஞர். சினிமாதான் தாமதமாக வந்து சேர்ந்தது.

---

வெள்ளித்திரைவாசகன் எழுதியது:

ஐயா சொன்னதற்குச் சினிமாப் பக்கத்திலிருந்து ஒரு சான்று. 1927இல் வந்த ‘இரண்டாம் மனைவி’ என்ற ஊமைப்படம், உஸ்பெக் பெண்ணின் துயரத்தையே பேசுகிறது. அதில் உஸ்பெக் கதாநாயகியாக நடித்தவர் மாஸ்கோவிலிருந்து வந்த ரா மெஸ்ஸரர். பாலே உலகின் மாயா பிலிசெத்ஸ்கயாவைப் பெற்ற தாய். அவர் நன்றாக நடித்தாரா இல்லையா என்பது வேறு பேச்சு. ஓர் இனத்துப் பெண்ணின் கதையைச் சொல்ல அந்த இனத்துப் பெண் முகம் திரையில் இல்லை.

ஆண்களுக்கும் இதே நிலைதான். 1943இல் தாஷ்கந்து ஸ்டுடியோ எடுத்த ‘புகாராவில் நஸ்ருதீன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய இயக்குநர் யாகோவ் புரோதஸனோவின் கடைசிப் படம். முல்லா நஸ்ருதீன் யார்? அந்த மண்ணின் கதைகளில் ஊறியவன். வேடம் போட்டவர் லெவ் ஸ்வெர்த்லின், ரஷ்ய நாடக இயக்குநர் மெயர்ஹோல்தின் நாடகப் பள்ளியில் தேறியவர். அருமையாகச் செய்தார், மறுக்கவில்லை. ஆனால் போர் முடிந்த கையோடு நபி கனியேவ் என்ற உஸ்பெக் இயக்குநர் அதே நஸ்ருதீனை மறுபடி எடுத்தார். இம்முறை கழுதைமேல் ஏறியவர் ரஸ்ஸாக் ஹம்ராயேவ்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஸ்வெர்த்லினின் நஸ்ருதீன் ‘கிழக்கத்தியனாக’ இருக்க முயல்கிறான். கையை விரிப்பதில், கண்ணை உருட்டுவதில் அது தெரியும். ஹம்ராயேவுக்கு அந்த முயற்சி தேவையே இல்லை. அவன் தன் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறான்.

அதே ஹம்ராயேவ்தான் 1947இல் காமில் யார்மதோவ் இயக்கிய ‘அலிஷேர் நவாயி’ படத்தில் 15ஆம் நூற்றாண்டுப் பெருங்கவிஞராக நடித்தார். அப்போது வயது 37. ஒரே நடிகர், இரண்டு ஆண்டுகளுக்குள் சந்தைக் கோமாளியாகவும் ஹெராத் அரசவையின் அமைச்சராகவும்! சுல்தான் ஹுசைன் பைகராவாக நடித்த அசாத் இஸ்மாதோவ், உஸ்பெக்கின் முதல் பேசும் படமான ‘சபதம்’ (1937) படத்தின் நாயகன். அந்தத் தலைமுறையில் யாரும் ஒரே வேடத்தில் தங்கவில்லை. இன்றைக்கு நாயகன், நாளைக்குப் பக்கத்தில் நிற்பவன். நாடகக் குழுவின் பழக்கம் அது.

---

யாழ்நூலகன் எழுதியது:

எல்லாம் சரி. ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘நீ அநாதை இல்லை’ சோவியத் அரசின் பிரசாரப் படம்தானே? பல இனத்துக் குழந்தைகள் ஒரே கூரையின் கீழ், மக்களின் நட்பு, பெரிய குடும்பம்... அரசு கேட்ட கதை. அதை அப்படியே உருகி உருகிப் பாராட்டுவது எனக்கு உறுத்துகிறது.

அதே அரசு அந்த மண்ணின் கலைஞர்களை என்ன செய்தது என்பதையும் இங்கே எழுத வேண்டும். சுலைமான் ஹோஜாயேவ் ஊமைப்பட நடிகர். பிறகு ‘விடியலுக்கு முன்’ என்ற படத்தை இயக்கினார். ஜார் ஆட்சிக்கு எதிரான 1916 கிளர்ச்சியைப் பற்றியது. தேசியவாதி என்று குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார்கள். அந்த ஆண்டுகளின் ஒடுக்குமுறையிலேயே உயிர் போனது. நாவலாசிரியர் அப்துல்லா காதிரி, கவிஞர் சோல்பான், அறிஞர் ஃபித்ரத் மூவரையும் 1938 அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். ஹோரெஸ்ம் பகுதியில் முதன்முதலில் படச்சுருளைச் சுற்றிய ஹுதாய்பெர்கன் தேவோனோவும் அந்த அலையில்தான் போனார். முதல் தலைமுறை என்று நாம் பேசுவது எஞ்சியவர்களைப் பற்றி மட்டுமே. இல்லாமல் போனவர்களுக்கும் இந்த இழையில் இடம் வேண்டும்.

---

பழையசுருள் எழுதியது:

இடம் உண்டு, அண்ணா. நீங்கள் எழுதியதற்கு நன்றி. ஹோஜாயேவைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஆனால் படத்தைப் பற்றிச் சொன்னதில் உடன்பட முடியவில்லை. அந்தக் கொல்லர் அரசு அலுவலகத்தில் பிறந்த கற்பனை இல்லை. ஷோஅஹ்மத் ஷோமஹ்மூதோவ் என்று தாஷ்கந்தில் வாழ்ந்த மனிதர். மனைவி பஹ்ரி அக்ரமோவா. போர்க்காலத்தில் உஸ்பெக்கிஸ்தானுக்கு வந்த குழந்தைகள் சுமார் 2 லட்சம் என்பார்கள். இவர்கள் மட்டுமல்ல, எத்தனையோ வீடுகள் கதவைத் திறந்தன. அரசு பிறகு வந்து அந்தக் கதவின்மேல் தன் பலகையை மாட்டியது என்பதற்காக, திறந்தவர்களின் கை பொய்யாகிவிடுமா?

நடிகர்களுக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். 1938க்குப் பிறகு அங்கே ஒரு நடிகர் தன் மக்களைப் பற்றிய உண்மையை எங்கே வைக்க முடியும்? வசனத்தில் முடியாது. அது தணிக்கைக்குப் போகும். உட்காரும் விதத்தில், ரொட்டியைப் பிட்கும் விதத்தில், பெரியவர் வந்தால் எழுந்து நிற்கும் விதத்தில் வைக்கலாம். அதைத் தணிக்கை செய்ய எந்த அதிகாரிக்கும் தெரியாது. நாயகனுக்கு அந்த வசதி இல்லை. அவன் முழக்கமிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் கிழவனுக்கும் கிழவிக்கும்தான் அது கிடைத்தது.

---

தாஷ்கந்துமாணவன் எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. 1980களில் ஆறு ஆண்டுகள் தாஷ்கந்தில் மருத்துவம் படித்தேன். ரஷ்ய மொழியில்தான் பாடம், ஆனால் விடுதிக்குப் பக்கத்தில் இருந்த பழைய மஹல்லாவில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு குடும்பம் என்னைப் பிள்ளைபோல நடத்தியது. உஸ்பெக் அங்கே கற்றேன்.

‘ரொட்டியைப் பிட்கும் விதம்’ என்று தம்பி எழுதியது மிகச் சரி. தேநீரைப் பற்றி நான் சொல்கிறேன். பானையிலிருந்து பியாலாவில் (பிடியில்லாத சிறு கிண்ணத்தில்) ஊற்றி, அதைத் திரும்பப் பானையிலேயே கொட்டுவார்கள். இப்படி மூன்று தடவை. அதற்கு ‘கய்தரிஷ்’ என்று பெயர். பிறகுதான் விருந்தாளிக்கு. அதுவும் பியாலாவில் கால்வாசி, மிஞ்சினால் அரைவாசி. நிறைய ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருள். கொஞ்சமாக ஊற்றினால் ‘இரு, மறுபடி ஊற்றுகிறேன்’ என்று பொருள். நீட்டும்போது வலது கையில் பியாலா, இடது கை நெஞ்சின்மேல். முதல் நாள் அந்த வீட்டில் எனக்கு மூன்று மிடறு தேநீர் வந்தபோது, ஏழை வீடு போலும் என்று நினைத்துவிட்டேன். எத்தனை தடவை ஊற்றினார்கள் என்பதை எண்ணத் தெரியாத வயது.

அந்த வீட்டு அம்மாவை ‘ஓபா’ (அக்கா) என்று அழைப்பேன். அவர்தான் எனக்கு ‘மஹல்லாதா தூவ்-தூவ் காப்’ படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார். 1960இல் வந்தது, அதுவும் அப்பாசோவ் எடுத்ததுதான், 29 வயதில், அவருடைய முதல் முழுநீளப் படம். ‘மஹல்லா முழுக்க அதே பேச்சு’ என்று தலைப்பைச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு யாரைக் கட்டிவைப்பது என்று தாய்மார்கள் திட்டம் போட, பிள்ளைகள் தங்கள் மனத்துக்குப் பிடித்தவரைத் தேட, இடையில் பழைய தெருவை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். லுத்ஃபிஹானிமும் மர்யம் யாகூபோவாவும் அதில் தாய்மார்கள். சண்டை போடுகிறார்கள், ஒட்டுக் கேட்கிறார்கள், முறுக்கிக்கொள்கிறார்கள். ‘நீ அநாதை இல்லை’ படத்தின் அதே பெண்மணியா இவர் என்று வியப்பாக இருக்கும். இழையின் தலைப்பில் கேட்ட கேள்விக்கு இந்தப் படமே பதில்.

ஓபா அந்தப் படத்தைக் கதைக்காகப் பார்க்கவில்லை. 1966 ஏப்ரல் 26, அதிகாலை 5.23 மணிக்கு நகரத்தின் அடிவயிற்றிலேயே நிலம் அதிர்ந்தது. 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். மண்சுவர் வீடுகள், முற்றங்கள், வளைந்த சந்துகள் எல்லாம் போய், அகலச் சாலைகளும் அடுக்குமாடிகளும் வந்தன. சாஸ்திரி அந்த ஆண்டு ஜனவரியில் காலமானது அதே நகரத்தில்தான். அவர் பார்த்த தாஷ்கந்து மூன்றரை மாதத்தில் இல்லாமல் போய்விட்டது. ஆக, 1960இல் சிரிப்புக்காக இடிக்கப்போவதாகக் காட்டிய தெரு, ஆறு ஆண்டுகளில் நிஜமாகவே இல்லை. ஓபா திரையில் நடிகர்களுக்குப் பின்னால் இருந்த சுவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மரக்கதவு வந்ததும் எழுந்து திரைக்கு அருகில் போய் நின்றார். அந்தக் கதவு யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

---

மேலப்பாளையத்துக்காரி எழுதியது:

மாணவன் அண்ணா எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ‘எதிம்’ என்ற சொல்லை எல்லாரும் ‘அநாதை’ என்று மாற்றிக்கொண்டே போகிறீர்கள். எங்களுக்கு அது மாற்ற வேண்டிய சொல்லே இல்லை. எங்கள் ஊரில் ‘எத்தீம்’ என்றுதான் சொல்வோம். பெற்றோரை இழந்த பிள்ளைகள் தங்கும் இடம் எத்தீம்கானா. ‘மஹல்லா’வும் அப்படித்தான், ஜமாஅத்துக் கணக்கு முழுவதும் மஹல்லாவைக் கொண்டுதான். சின்னம்மாவை அவர்கள் ‘ஹோலா’ என்கிறார்களாம். எங்களில் பல வீடுகளில் ‘காலா’. அரபியிலிருந்து இரண்டு பக்கமும் போன சொற்கள்.

‘அநாதை’ என்றால் யாருமே இல்லாதவன் என்று காதில் விழுகிறது. ‘எத்தீம்’ என்றால் அப்படி இல்லை. எத்தீமுக்கு மற்றவர்மேல் உரிமை உண்டு, அவனுடைய சொத்தைத் தொடக்கூடாது, தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லி வளர்க்கிறார்கள். ஆகவே ஒரு முஸ்லிம் கொல்லரும் மனைவியும் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது ‘மக்களின் நட்பு’ என்ற முழக்கத்தால் இல்லை. யாழ்நூலகன் அண்ணாவுக்கு இதுதான் என் பதில். அந்தப் படத்தில் மார்க்கத்தின் பெயரைச் சொல்ல முடிந்திருக்காது. தலைப்பில் அந்தச் சொல் இருந்தது.

---

யாழ்நூலகன் எழுதியது:

தங்கை, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவேயில்லை. நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் படத்தை முழுமையாகப் பார்க்காமலே எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒரு சிறு திருத்தமும். படத்தில் 14 பிள்ளைகள். உண்மையான ஷோமஹ்மூதோவ் குடும்பத்தில் 14 என்று சிலரும் 15 என்று சிலரும் எழுதுகிறார்கள். இரண்டையும் கலந்துவிட வேண்டாம். அந்தக் குடும்பத்துக்குத் தாஷ்கந்தில் 1982இல் எழுப்பிய சிலையை 2008இல் நகர மையத்திலிருந்து பெயர்த்து வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்துத்தான் திரும்பி வந்தது. சோவியத் அடையாளம் என்று ஓர் அரசு அகற்றியதை, எங்கள் வீட்டுக் கதை என்று மக்கள் கேட்டு வாங்கினார்கள் போலிருக்கிறது.

---

தாஷ்கந்துமாணவன் எழுதியது:

மேலப்பாளையத்துத் தங்கை சொன்னதற்கு இலக்கணம் ஒன்றைச் சேர்க்கிறேன். ‘எமஸ்’ என்றால் அல்ல. அதன் வாலில் ஒட்டியிருக்கும் ‘ஸன்’ முன்னிலை விகுதி. பழந்தமிழில் ‘நீ அல்லை’ என்பார்களே, அதே கட்டு. ‘சென்’ என்பது ‘நீங்கள்’ இல்லை, ‘நீ’. பெற்ற பிள்ளையிடம் பேசும் ‘நீ’. தலைப்பு உஸ்பெக் கவிஞர் கஃபூர் குலாம் 1942இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தது.

இன்னொரு பெயரும் எழுத வேண்டும். எர்காஷ் ஹம்ராயேவ். 1930களில் நபி கனியேவின் படங்களில் நடித்தவர், திரைக்கதையும் எழுதியவர். போருக்குப் போய் முனையிலேயே மாண்டார். மகன் அலி ஹம்ராயேவ் 1937இல் பிறந்தவர். அப்பாவின் முகத்தைப் படச்சுருளில்தான் சரியாகப் பார்த்திருக்க முடியும். அவரே பின்னாளில் பெரிய இயக்குநரானார். 1964இல் ‘யோர்-யோர்’ எடுத்தார்: தொலைக்காட்சியில் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கிய இளைஞன், தகப்பனைக் கூட்டிக்கொண்டு அவளைத் தேடி ஊர் ஊராகப் போகும் கதை. தகப்பனும் மகனும் ஒரே வண்டியில் போகும் ஒரு படத்தை அவர் ஏன் அத்தனை சீக்கிரம் எடுத்தார் என்று எனக்குள் ஓர் ஊகம் உண்டு. ஊகமாகவே இருக்கட்டும்.

---

நாடகக்கொட்டகை எழுதியது:

லுத்ஃபிஹானிம் 1991 வரை இருந்தார். ஏறத்தாழ 95 வயது. பிறந்தபோது ஜார் ஆட்சி, மறைந்த ஆண்டில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. மாணவன் படித்த காலத்தில் அதே நகரத்தில்தான் இருந்திருக்கிறார்.

---

பழையசுருள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வேலையைத் தொடங்கிவிட்டோம். மாணவன் அண்ணா படத்தைக் காட்சி காட்சியாகக் கேட்டுப் பொருள் சொல்ல, நான் தமிழில் துணைத்தலைப்பு எழுதுகிறேன். வாரம் பத்து நிமிடம் என்பது திட்டம். முதல் பத்து நிமிடம் நேற்று இரவு முடிந்தது. ஓர் இடத்தில் அந்த அம்மா பேசும் இரண்டே சொற்களுக்கு அரைமணி நேரம் எடுத்தது. நான் எழுதிய எல்லாமே நீளமாக இருந்தன, அவர் வாய் மூடிய பிறகும் எழுத்து திரையில் நின்றது. கடைசியில் ‘வா, சாப்பிடு’ என்று போட்டேன். பொருந்தியது.

தலைப்பில் ‘அல்லை’ போடலாமா என்று யோசித்தோம். ஒரு கொல்லர் வீட்டுக்கு அது செய்யுள் நடையாக இருக்கிறது என்று விட்டுவிட்டோம். மேலப்பாளையத்து அக்கா, முதல் சட்டகத்தில் இப்போது இருப்பது: ‘நீ எத்தீம் இல்லை’. உங்கள் உம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, காதுக்குச் சரியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள். அதன் பிறகு அடுத்த பத்து நிமிடத்துக்குப் போகிறோம்.